நான்காவது செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்

1

இந்தக் கதை ஒரு தொட்டியின் கனத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, தூசி துடைப்பதற்காக ஒரு பூந்தொட்டியைத் தூக்கினேன். இருக்க வேண்டியதைவிடக் கனமாக இருந்தது. தூங்கிப்போன குழந்தையைத் தூக்கினால் திடீரென்று கனக்குமே, அப்படி. கீழே வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன்.

அன்றைக்கு எழுதிப் பார்த்த தொடக்கங்கள் இவை.

'ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தின் கிழக்கு ஓரத்தில், மிட்லண்ட் என்ற—'

வேண்டாம். இங்கேயே இருப்பவளுக்கு இந்த ஊரை வர்ணிக்க வராது.

'வீட்டுக்குள் வைக்கும் செடிகள் பெரும்பாலும் எதனால் சாகின்றன என்று கேட்டால்—'

இது கட்டுரை. பள்ளியில் இப்படித்தான் தொடங்கச் சொல்வார்கள்.

'ரேலீன் நான்கு செடிகளைக் கொன்றவள்.'

இது நன்றாக இருந்தது. ஆனால் பொய். நான்காவது இன்னும் சாகவில்லை. முதல் மூன்றிலும் இரண்டை அவள் தனியாகக் கொல்லவில்லை. பொய்யான ஒரு வரி நன்றாக அமைந்துவிட்டால் அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

2

இந்தக் கதையில் லார்னி என்று ஒரு பெண் வருகிறாள். பதினேழு வயது. அவள் நான்தான். ஒளித்து வைத்துக் கடைசியில் திடுக்கிட வைக்கும் எண்ணம் எனக்கில்லை. 'நான்' என்று எழுதினால் பேனா நின்றுவிடுகிறது, 'லார்னி' என்று எழுதினால் நடக்கிறது. அவ்வளவுதான். வகுப்பில் பெயர் கூப்பிடும்போதும் இப்படித்தான். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டால்தான் எனக்குப் பதில் வரும்.

லார்னியின் அம்மா ரேலீன். நாற்பத்தாறு வயது. வடக்கே இரும்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறாள். தெருவில் போகும் லாரி இல்லை, வீடு உயர லாரி. இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. புதன்கிழமை விடியற்காலை விமானத்தில் போவாள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு புதன்கிழமை, காலை பத்து மணிக்கு, பூட்ஸில் சிவப்பு மண்ணோடு வாசலில் வந்து நிற்பாள். அம்மா இல்லாத இரண்டு வாரமும் லார்னி இரண்டு தெரு தள்ளி கெர்ரி சித்தி வீட்டில். அம்மா வரும் வாரம் இந்த வீட்டில்.

[அந்த லாரியில் நான் ஏறியதில்லை. ஏறுவதற்குப் பதினைந்து படி என்று அம்மா சொல்வாள். மேலே உட்கார்ந்தால் கீழே நிற்கும் ஆள் தெரியமாட்டானாம்; வயர்லெஸ்ஸில் குரல் கொடுத்து, பதில் வந்த பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டுமாம். அம்மாவை லாரிக்குள் வைத்து ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். எனக்குத் தெரிந்த அம்மா ஒரு வார அம்மாதான்.]

அந்த ஒரு வாரத்தில் அவள் மூன்று வார அம்மாவாக இருக்கப் பார்ப்பாள். வந்த அன்றே மீன் வறுவல், மறுநாள் கடற்கரை, அதற்கு மறுநாள் முடிவெட்டு, பிறகு லார்னி கேட்காத ஒரு சட்டை. "வேற என்ன வேணும் சொல்லு, வேற என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ஆறாம் நாள் லார்னிக்குத் தலை வலிக்கும். ஏழாம் நாள் அம்மா பையைக் கட்டும்போது லார்னி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள்.

செடியைப் பற்றிய கதையில் இதை எதற்கு எழுதினேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாத மாதிரியே படியுங்கள். ஒப்பிட்டுக் காட்டும் வரி ஒன்று இங்கே இருந்தது. அதை மட்டும் நிஜமாகவே அடித்துவிட்டேன்.

3

மிர்கோ நர்சரியில் உள்வீட்டுச் செடிகளின் பக்கம் நிற்பவர். குரோவேஷியாவிலிருந்து வந்த குடும்பம். திராட்சைத் தோட்டத்தை விற்றுவிட்டுச் செடி விற்க வந்தார். கழுத்தின் பின்பக்கம் வெயிலில் வெந்து செங்கல் நிறத்தில் இருக்கும்.

அந்த நர்சரியில் ஒரு வழக்கம் உண்டு. வாங்கி ஓராண்டுக்குள் செடி செத்துப்போனால், ரசீதோடு கொண்டுவந்து வேறு எடுத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை காலைகளில் செத்த செடிகளோடு ஒரு வரிசை நிற்கும். யாரும் அடுத்தவர் கையிலிருப்பதைப் பார்க்க மாட்டார்கள். சிலர் மேலே துண்டு போட்டு மூடிக்கொண்டு வருவார்கள்.

புதிதாக வருகிறவர்களிடம் எந்தச் செடி வேண்டும் என்று மிர்கோ கேட்பதில்லை. வீட்டில் எத்தனை நாள் இருப்பீர்கள், ஜன்னல் எந்தத் திசை என்று கேட்பார். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு மூன்றாவது கேள்வி.

"நீங்க மறக்கிற ஆளா, கவலைப்படுற ஆளா?"

ஏனென்றால் அவர் கணக்கில் செடிகளே இரண்டு சாதிதான். மறந்தால் சாவது, கவனித்தால் சாவது. நேரமில்லாதவர்களுக்கும் புதியவர்களுக்கும் அவர் இரண்டாவதைத்தான் கொடுப்பார்: கொஞ்சம் இருட்டு, கொஞ்சம் வறட்சி, எஜமானின் கொஞ்சம் அலட்சியம், இவற்றில் கொழுத்து வளரும் செடிகள்.

ரேலீன் யோசிக்கவே இல்லை. "மறக்கிற ஆள்" என்றாள். இரண்டு வாரம் வீட்டில் இல்லாதவள் வேறு என்ன சொல்வாள்? நடந்த எல்லாவற்றுக்கும் அந்தப் பதில்தான் காரணம் என்று எழுதலாம். மிர்கோ அதை நம்பியதும் ஒரு காரணம்.

முதல் செடியை அவர் பேச்சைக் கேட்காமல் எடுத்தாள். மெல்லிய இலைகள் உள்ள ஒரு பெரணி. அடுத்த முறை வந்தபோது தொட்டால் நொறுங்கும் தாளாக இருந்தது. அது நியாயமான சாவு. இந்தக் கதையில் தாகத்தால் செத்தது அது ஒன்றுதான்.

இரண்டாவது, வெள்ளைப் பூ பூக்கும் சமாதான லில்லி. மூன்று மாதம் நின்றது. பிறகு அடியிலிருந்து கறுத்து ஒரு பக்கமாகச் சரிந்தது.

மூன்றாவது, மருள். இங்கே அதை மாமியார் நாக்கு என்றுதான் விற்கிறார்கள். நீளமாக, விறைப்பாக, ஓரத்தில் மஞ்சள் கோடு. ரேலீன் அதைத் திருப்பிக் கொண்டுபோனபோது நாக்குகள் எல்லாம் தொட்டியின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தன. மிர்கோ தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ரேலீன், இருபத்திரண்டு வருஷமா இதை விக்கிறேன். மாமியார் நாக்கை அடக்கின முதல் ஆள் நீதான். நாளைக்கே ஊர்ல இருக்கிற மருமகளுங்க எல்லாம் உன் வீட்டு வாசல்ல நிக்கப் போறாங்க பாரு."

வரிசை முழுவதும் சிரித்தது. ரேலீனும் சிரித்தாள். மிர்கோ உள்ளே போய் நான்காவதை எடுத்துக்கொண்டு வந்தார். இசட் இசட் செடி. மெழுகு பூசினாற்போல் பளபளக்கும் இலைகள். மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு மாதிரி கிழங்கு இருக்கிறது, தண்ணீரை அதில் சேர்த்து வைத்துக்கொள்ளும், இதற்கு மேல் எளிய செடி என்னிடம் இல்லை, அடுத்தது பிளாஸ்டிக்தான் என்றார்.

காரில் ஏறிய பிறகு ரேலீன் வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"உயிருள்ளது எதுவும் என் வீட்ல நிக்க மாட்டேங்குது, லார்னி."

லார்னியின் மடியில் செடி இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சீட் பெல்ட்டை இழுத்துத் தொட்டியையும் சேர்த்து மாட்டினாள்.

4

(சித்தி வீட்டுச் சமையலறை. துணி துவைக்கும் அறையின் கதவு பாதி திறந்திருக்கிறது, உள்ளே லார்னி. ஒட்டுக்கேட்டதை எழுதுவது திருட்டா என்று ஒரு பத்தி இருந்தது, இப்போது இல்லை.)

ரேலீனுக்கு இரண்டு வேலைகள் வந்திருந்தன. சுரங்கத்திலேயே, வருடம் முழுக்க அங்கே தங்குவதானால், வீடு தருகிறார்கள். மிட்லண்ட் பேருந்துப் பணிமனையில் ஓட்டுநர் வேலைக்கும் சரி என்றிருக்கிறார்கள். பேருந்து என்றால் சம்பளம் குறைவு, ஆனால் தினமும் சாயங்காலம் வீடு. நவம்பரின் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

"லார்னியக் கேட்டியா?" என்றாள் சித்தி.

"கேட்டேன். தோளைக் குலுக்கினா."

"அப்படின்னா?"

"அதான் எனக்கும் தெரியல. அவ வாயில இருந்து ஒரு வார்த்தை வாங்குறதுக்குள்ள என் லீவு முடிஞ்சுடுது." தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. "அதனாலதான் இந்தச் செடி. அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பச்சையா நின்னுச்சுன்னா பஸ். இதுவும் போச்சுன்னா நான் வடக்கயே போயிடறேன், அவ உங்கூடவே இருக்கட்டும். ஒண்ணை வச்சுக் காப்பாத்த என்னால முடியுமான்னு எனக்குத் தெரியணும், கெர்ரி. நீயும் தொடாத, அவளும் தொடக்கூடாது. நானேதான் வளர்க்கணும்."

"நாப்பத்தாறு வயசுல ஜோசியம் பாக்கச் செடி வாங்கியிருக்க" என்றாள் சித்தி. ஆனால் மறுநாளே அந்தச் செடிக்கு ஒரு நீலப் பீங்கான் தொட்டி வாங்கிக் கொடுத்தாள். மேலே பரப்ப வெள்ளைக் கூழாங்கற்களும். பிளாஸ்டிக் தொட்டியை அப்படியே அதற்குள் இறக்கி வைத்தார்கள். மிக அழகாக இருந்தது. பீங்கானுக்கு அடியில் ஓட்டை இல்லை.

4 (மறுபடியும்)

எழுதத் தெரியாத ஒருத்தி என்ன மாதிரி ஆட்களைக் கதையில் வைத்துக்கொள்ளலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மிர்கோ கேட்பது போல என்னையே கேட்டுக்கொண்டேன். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் எழுதுவாய்? வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது?

மிர்கோ கவலையே இல்லை. ஒரு மூலையில் வைத்துவிட்டால் போதும், அவரே பேசி அவரே வளர்ந்துகொள்வார். சித்தியும் அப்படித்தான், நடுவில் இரண்டு பக்கம் அவளை மறந்தே போனேன், திரும்பி வந்தபோது தட்டு துடைக்கும் ஈரத் துண்டோடு அதே சமையலறையில் நின்றிருந்தாள். லார்னிக்கு இருட்டு பிடிக்கும்.

அம்மாதான் வரமாட்டேன் என்கிறாள். கொஞ்சமாக எழுதினால் கடுமையானவளாகத் தெரிகிறாள். இன்னொரு வரி, இன்னொரு வரி என்று சேர்த்துக்கொண்டே போனால் எல்லாம் குழைந்து, வேறு யாருடைய அம்மாவாகவோ ஆகிவிடுகிறாள். எங்கே நிறுத்த வேண்டும் என்று யாராவது ஒரு அட்டையில் எழுதிக் குச்சியில் செருகிக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

5

மே மாதத்தில் லார்னி பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

இதை நீளமாக எழுதப் போவதில்லை. வகுப்புக்கு முன்னால் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டிய பாடம். நாற்பது நொடி நின்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி நடந்தாள். கால் இந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது. சாவி பையிலேயே இருந்தது. பள்ளிக்குக் கொடுத்திருந்தது அம்மாவின் பழைய கைபேசி எண். கடிதங்கள் இந்த வீட்டுப் பெட்டியில்தான் விழும், பெட்டியைத் திறப்பவள் லார்னி. ஆகவே சித்திக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. காலை எட்டேகாலுக்குச் சீருடையில் சித்தி வீட்டிலிருந்து கிளம்பி, மூன்றரைக்குச் சீருடையிலேயே திரும்புகிறாள். அம்மா இருக்கும் வாரங்களில் மட்டும் நூலகம்.

முதல் நாள் அவள் உள்ளே வந்தபோது சமாதான லில்லி தரையைப் பார்த்துக் கவிழ்ந்து கிடந்தது. ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டு எதிரே கம்பளத்தில் உட்கார்ந்தாள். ஒரு தண்டு அசைந்தது. பிறகு இன்னொன்று. ஒரு மணி நேரத்தில் செடி முழுவதும் எழுந்து நின்று அவளைப் பார்த்தது. அவள் செய்த எதற்கும் அதுவரை யாரும் அவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு எப்படி ஊற்றாமல் இருப்பாள்?

ஆளில்லாத வீட்டில் வெளிச்சத்துக்கு வேலை அதிகம். காலையில் அது சமையலறைக் குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கும், பிறகு நாற்காலி நாற்காலியாக நகர்ந்து வந்து, பதினோரு மணிக்கு இசட் இசட் செடியின் நிழலைச் சுவரில் ஏற்றிவிடும். லார்னி கம்பளத்தில் குப்புறப் படுத்து எழுதுவாள். நிழல் சுவரிலிருந்து இறங்கி, தரையைக் கடந்து, நோட்டின் மேல் ஏறும். இலை நிழலுக்குள் அடங்குகிற மாதிரி சின்னச் சின்ன வரிகளாக எழுதிப் பார்ப்பாள். நிழல் நகர்ந்துபோன பிறகும் வரிகள் இலை வடிவத்தில் அங்கேயே இருக்கும். இப்படி ஏழு நோட்டுகள். துண்டுகள் அடுக்கியிருக்கும் அலமாரியில், துண்டுகளுக்குப் பின்னால்.

இரண்டு மணிக்கு மேல் கடற்காற்று வரும். இந்த ஊரில் அதற்கு டாக்டர் என்று பெயர். திரைச்சீலை உள்பக்கமாக உப்பும், இலைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும், நாற்பது டிகிரியில் கிடந்த வீடு மெல்ல மூச்சு விடும். அந்த நேரத்தில் லார்னிக்குத் தூக்கம் வந்துவிடும். ஒருமுறை கனவில், இந்தக் கூடத்தின் நடுவே அம்மாவின் லாரி நின்றது. கூரை இல்லை. அம்மா பதினைந்து படிக்கு மேலே உட்கார்ந்து ஜாடியைச் சாய்க்கிறாள். தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஆனால் தரைக்கு வந்து சேரவில்லை. லார்னி கீழேயிருந்து கையை ஆட்டுகிறாள். மேலேயிருந்து பார்த்தால் கீழே நிற்பவர் தெரியாது, குரல் கொடுக்க வேண்டும் என்பது கனவிலும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

விழித்ததும் எழுந்துபோய் ஒரு குவளை ஊற்றினாள்.

அம்மா தொடக்கூடாது என்று சொன்னதைக் கேட்ட பிறகும் ஊற்றினாள். இன்னும் ஒழுங்காக, ஒரு நாள் விடாமல். அம்மா ஜெயிக்க வேண்டும் இல்லையா?

6

அம்மா என்ன செய்வாள் என்றால், வாசலில் பையை இறக்குவாள், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்குப் போய் ஒரு லிட்டர் ஜாடியை நிரப்புவாள். "ரெண்டு வாரமா காஞ்சு கெடந்திருக்குமே, பாவம்" என்று சொல்லிக்கொண்டே மொத்தத்தையும் ஊற்றுவாள். கூழாங்கற்களுக்கு அடியில் மண் எப்படி இருக்கிறது என்று பார்க்க மாட்டாள். அப்புறம் அந்த ஏழு நாளும் தினம் ஒரு ஜாடி. இனி இரண்டு வாரம் தாங்க வேண்டுமே என்று கடைசி நாள் இரண்டு.

லார்னி இதைப் பார்த்திருக்கிறாள். அது அம்மாவின் வாரம், இது தன் வாரங்கள் என்று நினைத்தாள். இரண்டையும் கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

போன செவ்வாய்க்கிழமைதான் தொட்டி கனத்தது. குனிந்து பார்த்தபோது அடியில் ஒரு இலை மஞ்சள். (அதை வெட்டி இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். ஓரம் இன்னும் கொஞ்சம் பச்சை.) அன்றைக்குக் குவளையைத் தொடவில்லை. வியாழக்கிழமை, செடியைச் சித்தி காய்கறி வாங்க இழுத்துப்போகும் சின்னக் கைவண்டியில் வைத்து, நாற்பது நிமிடம் வெயிலில் இழுத்துக்கொண்டு நர்சரிக்குப் போனாள். மேசையில் தொட்டியை வைத்தாள். பக்கத்தில் ஒரு சீட்டு: 'இது ஏன் கனமாக இருக்கிறது?'

மிர்கோ சீட்டைப் படித்தார். "எழுதிட்டு வந்தது நல்லதாப் போச்சு. எனக்கும் ஒரு காது கேக்காது" என்றார். பிளாஸ்டிக் தொட்டியைப் பீங்கானிலிருந்து உருவி எடுத்தார். பீங்கானுக்குள் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர். குளத்து நாற்றம்.

"ரேலீனோடதா?"

லார்னி தலையசைத்தாள்.

"அவ மூணு வாரத்துல ஒரு வாரம்தான இருக்கா." தொட்டியை முகர்ந்து பார்த்தார். அதில் ஒரு கதை இருப்பது போல நிதானமாக. "ஒரே ஆளுக்கு இவ்வளவு பாசம் இருக்காதும்மா. ரெண்டு பேர் ஊத்துறாங்க. ஒருத்தர் ஊத்துறது இன்னொருத்தருக்குத் தெரியல."

"ஆமா" என்றாள் லார்னி. இந்தக் கதையில் அவள் வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை அது.

மிர்கோ அவள் சீருடையைப் பார்த்தார், சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பள்ளி இல்லையா என்று கேட்டார். இரண்டாம் முறை கேட்கவில்லை. இந்தப் பீங்கானைத் தூரப் போடு, ஆறு வாரத்துக்கு ஒரு சொட்டு கூடாது, யாரும் ஊற்றக்கூடாது, கிழங்கு இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது, காய்ந்தால் பிழைத்துக்கொள்ளும் என்றார்.

"இன்னும் ஒரு ஜாடி உள்ள போச்சுன்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

7

முடிவு அ.

மிர்கோ உள்ளே போய், இதே உயரத்தில், இதே எண்ணிக்கை இலைகளோடு இன்னொரு செடியை எடுத்துக்கொண்டு வருகிறார். "இதை எடுத்துட்டுப் போ. உங்கம்மாவுக்குத் தெரியவே தெரியாது." (இதை அவர் உண்மையிலேயே சொன்னார்.) லார்னி மாற்றி வைத்துவிடுகிறாள். புதன்கிழமை ரேலீன் வருகிறாள். பச்சை. வெள்ளிக்கிழமை பேருந்துப் பணிமனைக்குப் போன் செய்கிறாள். தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தான் காப்பாற்றாத ஒரு செடியைப் பெருமையோடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், லார்னி அவள் முகத்தைப் பார்க்காமல்—

இந்த முடிவு நாளெல்லாம் பச்சையாக இருக்கும். பிளாஸ்டிக்கும் அப்படித்தான். அந்தச் செடியை வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

முடிவு ஆ.

தினமும் மாலை ஆறரைக்கு ரேலீன் சுரங்கத்து முகாமிலிருந்து கூப்பிடுவாள். சித்தி போனை லார்னியிடம் கொடுப்பாள்.

"அம்மா, நான்—"

"என்ன செல்லம்?"

"ஒண்ணுமில்ல."

"சாப்ட்டியா?"

"ம்."

"செடி எப்படி இருக்கும்னு நினைக்கிற?"

இது ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஆகவே இதை முடிவு என்று சொல்ல முடியாது. கற்பனையில் இதைவிட நன்றாகப் பேசவைக்கலாம் என்று மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் லார்னி 'அம்மா, நான்' வரைக்கும்தான் போகிறாள்.

முடிவு இ.

குழாயில் ஒரு தாளை ஒட்டுவது: 'தண்ணீர் ஊற்ற வேண்டாம்.' செடி பிழைக்கும். யார் ஒட்டியது, எப்போது வந்தாய், பள்ளி நேரத்திலா என்று அம்மா கேட்பாள். அங்கிருந்து எல்லாம் அவிழும். அதுவாவது பரவாயில்லை. ஆனால் லில்லியையும் மருளையும் தானே கொன்றதாக இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தாளே, அதற்கு மூன்று வார்த்தை போதுமா?

[போதாது என்பதால்தான் இந்த நோட்டு இவ்வளவு நீளம்.]

8

புதன்கிழமை. மணி ஒன்பது நாற்பது.

சித்தி வீட்டிலிருந்து எட்டேகாலுக்குக் கிளம்பினேன். இன்று நூலகத்துக்குப் போக வேண்டிய நாள், ஆனால் இங்கே வந்திருக்கிறேன். 'லார்னி' என்று எழுதாமல் 'நான்' என்று எழுதுகிறேன், கவனித்தீர்களா? பேனா நின்று நின்றுதான் போகிறது.

நீலப் பீங்கான் பின்கட்டில் கவிழ்ந்து கிடக்கிறது. செடி பிளாஸ்டிக் தொட்டியில் அதே ஜன்னலோரம் நிற்கிறது. இந்தத் தொட்டிக்கு அடியில் ஐந்து ஓட்டைகள். அடியில் வைக்கத் தட்டு இல்லை. தட்டுக்குப் பதிலாக இந்த நோட்டை வைக்கலாம் என்று நேற்று தோன்றியது. அளந்து பார்த்தேன், சரியாக இருக்கிறது. அதற்காகவே இதை மூன்றாம் ஆளைப் பற்றிய கதை மாதிரி முதலிலிருந்து எழுதி வந்தேன் போலிருக்கிறது. அம்மா, ஒருவேளை இப்போது படித்துக்கொண்டிருப்பது நீயாக இருந்தால், முதல் பக்கத்தில் அடிக்காமல் விட்ட அந்த வரியை நீயே அடித்துவிடு. இந்தப் பேனா இதோ, நோட்டின் சுருள் கம்பியில் செருகியிருக்கிறேன். பஸ் ஓட்டு. தோளைக் குலுக்கியதற்கு அதுதான் அர்த்தம்.

நீங்கள் அம்மா இல்லை, வேறு யாரோ என்றால், உங்களுக்கும் நான் ஒரு முடிவு தர வேண்டும். என்னிடம் இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

நோட்டை அடியில் வைத்துவிட்டு, பின்வாசல் வழியாகப் போய்விடலாம். அம்மா வருவாள். பூட்ஸோடு நேராகக் குழாய்க்குப் போய், ஜாடியை நிரப்பி, பழக்கத்தில் ஊற்றிவிடலாம். ஐந்து ஓட்டை வழியாகவும் தண்ணீர் இந்தப் பக்கங்களில் இறங்கும். இந்த மை தண்ணீர் பட்டால் ஓடிவிடும். அல்லது நீலத் தொட்டியைக் காணோமே என்று ஒரு நிமிடம் நிற்கலாம், தூக்கிப் பார்க்கலாம். எனக்குள் பாதி இதைப் படிக்க வேண்டும் என்கிறது, பாதி நனைந்து போகட்டும் என்கிறது. இரண்டும் நான்தான்.

மூன்றாவதாகவும் ஒன்று இருக்கிறது. எங்கும் போகாமல் இந்தக் கம்பளத்திலேயே, பள்ளி நேரத்தில், நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அதற்கு ஒன்றும் பேசக்கூட வேண்டாம்.

விமான நிலையத்து வண்டி தெருமுனையில் திரும்பும்போது போடும் சத்தம் எனக்குத் தெரியும். இப்போது கேட்டது.

நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தாளைத் தடவிப் பாருங்கள். நெளிந்து, நீலம் பரவி, பாதி எழுத்து காணாமல் போயிருந்தால், அவள் ஊற்றிவிட்டாள். தாள் விறைப்பாக இருந்து, அட்டையில் மட்டும் வட்டமாக மண் தடம் இருந்தால், முதலில் தூக்கிப் பார்த்திருக்கிறாள். இரண்டும் இல்லை, நெளிவும் இல்லை, மண்ணும் இல்லை, யாரோ கையில் இறுக்கிப் பிடித்திருந்த விரல் அடையாளம் மட்டும்தான் இருக்கிறதென்றால்

கேட் திறக்கிறது. பூட்ஸ்.